பின்சீட்டின் இடப்பக்க ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கர்கள் போட்டு முடித்து, பிரிக்பீல்ட்ஸ் சந்திலிருந்து காரை வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில்தான் தம்புசாமிக்கு அது உறைத்தது. பின்சீட்டின் இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும் முந்திக்கொண்டு பேசியது. அரை வார்த்தைதான். முன்கதவு ஸ்பீக்கர்களில் புஷ்பவல்லி "ரமணி" என்று ஆரம்பிக்கும்போது, முதுகுக்குப் பின்னால், இடது மூலையில், அவள் அந்தப் பெயரைச் சொல்லி முடித்திருந்தாள்.

புஷ்பவல்லி அவர் மனைவி. இறந்து நான்கு மாதம் ஆகிறது. லண்டனில் நர்ஸாக இருக்கும் தங்கை ரமணிக்குக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, கேசட்டில் பேசி அனுப்புவது அவள் வழக்கம். கடைசிக் கேசட் தபாலுக்குப் போகவேயில்லை. சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று காரில் போட்டுப் பார்த்தாள், ரேடியோ அதை விழுங்கிக்கொண்டது. ஓடும், பின்னால் சுற்றும், வெளியே மட்டும் வராது. "சரியான பிசாசு ரேடியோங்க இது" என்று சிரித்தாள். அடுத்த வாரம் நெஞ்சுவலி, அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாத அந்த மனுஷனுக்கு அவள் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த ரேடியோவின் வயிறு.

காரோடு வந்த ஸ்பீக்கரில் அவள் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. பாவம், கொஞ்சம் நன்றாகக் கேட்க ஆசைப்பட்டார். அது ஒரு தப்பா?

"அண்ணே, இந்தப் பழைய ரேடியோவத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போட்டா வேல ஈசி லா" என்றான் கடைக்காரன் சின்னையா.

"ரேடியோ மேல கை வைக்காத. மத்தத என்ன வேணா பண்ணிக்க."

சின்னையா தலையைச் சொறிந்துவிட்டு, பழைய ரேடியோவின் வயர்களிலிருந்தே இழுத்து, சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்து, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்தான். தம்புசாமி சாவியைத் திருப்பினார். அவள் வளையல் மேசையில் இடிப்பது கேட்டது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பது, ஜன்னலுக்கு வெளியே மழை, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவள் மூச்சு எல்லாம் கேட்டது. அழுதுகொண்டேதான் காரை எடுத்தார்.

அப்புறம்தான் இந்த அரை வார்த்தை. மறுநாள் காலை ஆபீசுக்கு வரும்போது அது ஒரு முழு வார்த்தையாகியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் வேலை விட்டதும் நேராகக் கடைக்குப் போனார். சின்னையா பின்சீட்டிலேயே உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டான்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது. எக்கோவா இருக்குமோ?" என்றவன், தானே தலையை ஆட்டிக்கொண்டான். "எக்கோன்னா பேசுன பின்னாடிதான வரும். முன்னாடி எப்படிண்ணே வரும்?"

"வருதுப்பா. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"சரி, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒண்ண மட்டும் கழட்டிடறேன். நாளைக்கு வாங்க, வேற போட்டுத் தரேன்."

ஸ்பீக்கரைக் கழற்றி அவரிடம் காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போனான். பின்கண்ணாடிக்குக் கீழே பலகையில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கிள்ளானிலிருக்கும் வீட்டுக்குத் திரும்ப ஃபெடரல் ஹைவேயில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. சுபாங் ஜெயாவுக்கு முன்னால் சுத்தமாக ஜாம். வைப்பர் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வழிந்தது; முன்னால் இருந்த லோரியின் சிவப்பு விளக்கு கண்ணாடி முழுவதும் கரைந்து ஓடியது; நனைந்த தார், டீசல் புகை, தன் சட்டையின் ஈரவாடை, இவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு உப்புவாடை, சேற்றோடு கலந்த கடல் வாடை வருவதை அவர் மூக்கு கண்டுகொண்டது. பக்கத்துக் கார்களில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். ஆவி படிந்த கண்ணாடிக்குள் புருஷன் பெண்டாட்டியாக, பிள்ளைகளாக. ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் இத்தனை தனியாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று அவருக்கு நெஞ்சு வலித்தது.

கேசட் உள்ளேயே இருப்பதால் ரேடியோ தானாக ஓடிக்கொண்டிருந்தது. "இங்க ஒரே மழடி ரமணி. முருங்கக்கீர கொழம்பு வச்சேன், ஒன் மாமா தொடவே இல்ல..."

பின்னால், அந்த ஓட்டையிலிருந்து, "தொடவே இல்ல" முன்பே வந்துவிட்டது.

சத்தத்தைக் குறைத்தார். முன்னால் குறைந்தது. பின்னால் குறையவில்லை.

அந்த மூலை. அஸ்தி கரைக்கக் கிள்ளான் கடலுக்குப் போனபோது, சிவப்புத் துணி சுற்றிய பானையை அவர் வைத்தது அந்த மூலையில்தான். கரைத்து முடிந்ததும் ஐயர் சொன்னார்: திரும்பிப் பார்க்கக்கூடாது, யாரையும் கூப்பிடக்கூடாது, நேராகப் போய் வண்டியில் ஏறுங்கள். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. இந்தக் காரின் முன் இடதுகதவுக்கு வெளிப்பிடி உடைந்து எத்தனையோ வருஷம். புஷ்பவல்லி கண்ணாடியில் மூன்று தடவை தட்டுவாள், அவர் உள்ளிருந்து எட்டித் திறந்துவிடுவார். அன்றைக்கும் காரில் உட்கார்ந்ததும் எட்டிக் கதவைத் திறந்து, "ஏறு புஷ்பா, போவோம்" என்றுவிட்டார்.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டு இராஜம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, என்னா காரியம் பண்ணிட்டீங்கண்ணே! கரைச்ச எடத்துல நின்னு யாராச்சும் வான்னு கூப்பிடுவாங்களா?"

ஜாம் கொஞ்சம் நகர்ந்தது. முன்னால் புஷ்பவல்லி இன்னும் கீரைக் குழம்பில் இருந்தாள். பின்னால் அவள் கேசட்டின் கடைசிக்கே போய்விட்டிருந்தாள். "கார் சத்தம் கேக்குது. ஒன் மாமா வந்துட்டாரு. இரு, இதோ வரேன்." நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். அதோடு கேசட் முடிந்துவிடும். நான்கு மாதமாக அவருக்கு மனப்பாடம்.

பின்னால் முடியவில்லை.

நாற்காலிக்குப் பிறகு காலடிகள் கேட்டன. சிமெண்டுத் தரையில், ஈரக் காலடிகள். எந்தக் கேசட்டிலும் இல்லாத காலடிகள். ஒரு தாழ்ப்பாள். மழை. பிறகு மழை மட்டும்.

டக்.

நான்கு மாதம் பிடிவாதமாக இருந்த ரேடியோ, கேசட்டைத் தானாக வெளியே துப்பியது. நாடா கசங்கி, அறுந்து, நூல் நூலாகத் தொங்கியது. "ஐயோ, புஷ்பா" என்று வாய்விட்டு அழுதார் தம்புசாமி. கேசட் போனது. குரல் போனது. இனி அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

கிள்ளான் வந்தது. வீடு இருட்டாகக் கிடந்தது. விளக்குப் போட்டு வைக்க யார் இருக்கிறார்கள். வாசல் கேட்டுக்குள் காரை விட்டு எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். ரேடியோ விளக்கும் அணைந்தது. காரின் கூரைத் தகரத்தில் மழை.

"என்னங்க."

பின்னால்தான். தெளிவாக. அந்த வெறும் ஓட்டையிலிருந்து.

"கதவத் தொறங்க. நனையுறேன்."

தம்புசாமிக்குத் தெரியும். பின்மூலையில் முதலில் வரும். அசல் அதற்குப் பிறகுதான் வரும். இரண்டு நாளாக அப்படித்தான்.

காத்திருந்தார்.

உப்புவாடை. ஈரச் சாம்பல் வாடை.

முன் இடதுகண்ணாடியில், வெளியிலிருந்து, மூன்று தட்டு.

"என்னங்க. கதவத் தொறங்க. நனையுறேன்."

கண்ணாடியில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. சாம்பல் நிறம். மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவை கரையவில்லை. பயம். பயத்தைவிடப் பெரிய ஆசை. வேண்டாம் என்றது மனசு, வேண்டாம், வேண்டாம்.

அவர் கை, பழைய பழக்கத்தில், இடப்பக்கத்துக்கு எட்டிக் கதவின் பிடியை ஏற்கெனவே இழுத்திருந்தது.