‘சாரி’க்கு ஒரே பொருள்

காலை பதினோரு மணிக்குள் கோதைநாயகி பச்சைப் பொத்தானை நாற்பது முறை அழுத்தியிருந்தாள். சரவணம்பட்டி மொழிமையத்தில் அவள் வேலை அவ்வளவுதான். எந்த நாட்டு நீதிமன்ற வழக்கானாலும் வாக்குமூலத்தைப் பொறி மொழிபெயர்க்கும். உரிமம் பெற்ற ஒரு மனிதர் ஒப்ப வேண்டும். ‘ஒருபொருள் சட்டம்’ வந்ததிலிருந்து ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அரசுப் பதிவேட்டில் மொழிக்கு ஒரே இணைதான். சந்தேகத்துக்கு இடமில்லை, தாமதமும் இல்லை.

அடுத்த வழக்கு ஜப்பானியத் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கானா நாட்டு கிரேன் ஓட்டுநர் க்வாமே. சங்கிலி அறுந்து பெட்டகம் விழுந்ததில் கூட வேலை பார்த்த மோரி இறந்துபோனார். மறுநாள் மோரியின் வீட்டு வாசலில் நின்று க்வாமே சொன்னது ஒரே வரி: “ஐ ஆம் சாரி.” மோரியின் மனைவி காதில் இருந்த செவிப்பொறி அதை ‘மோஷிவாகே அரிமாசென்’ என்று மாற்றியது. தவறு என்னுடையது, சொல்லிக்கொள்ள நியாயமே இல்லை என்று தலைகுனிகிற சொல். சங்கிலி ஏன் அறுந்தது என்று அதன்பிறகு யாரும் விசாரிக்கவில்லை. அந்தச் சொல்லே குற்ற ஒப்புதல்; அவள் பச்சையை அழுத்தினால் ஏழாண்டுச் சிறை.

கோதைநாயகி பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். க்வாமே தேம்பிக்கொண்டிருந்தார். அவள் மறுப்புக்கான சிவப்பை அழுத்தினாள்.

மேற்பார்வையாளர் பொன்னுரங்கம் ஓடிவந்தார். “என்னம்மா பண்றீங்க? சிவப்ப இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல.”

“இது மன்னிப்பு இல்ல சார். எழவு வீட்டுக்குப் போனா ‘இப்படி ஆயிப்போச்சே’ன்னு சொல்றோமே, அது.”

“பதிவேட்டுல அப்படி ஒரு பொருளே இல்லையே.”

“பதிவேட்டுல இல்லேன்னா அவர் மனசுலயும் இல்லையா?”

“உரிமம் போயிடும். உங்களுக்காக நான் பேச முடியாது.”

“நீங்க பேச வேண்டாம் சார். நானே பேசிக்கறேன்.”

மறுப்பவர் காரணம் சொல்ல ஒரு நிமிட நேரடி இணைப்பு உண்டு. திரையில் நீதிபதியும், கறுப்புடையில் மோரியின் மனைவியும் தெரிந்தார்கள். கோதைநாயகி ஜப்பானிய மொழியில் நிதானமாகச் சொன்னாள்: “அந்தச் சொல்லுக்கு உங்கள் மொழியில் இரண்டு வழி உண்டு. அவர் சொன்னது ‘ஒகுயாமி’, இரங்கல். பொறி சொன்னதற்கு நான் ஒப்ப மாட்டேன்.”

நீதிபதி வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். “நான்கு மாதமாக அந்த மனிதரை வெறுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் என் கணவருக்காகவா அழுதார்?”

“ஆமாம்.”

திரையோரத்தில் கோதைநாயகியின் உரிம எண் சாம்பல் நிறமாகி அழிந்தது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

மோரியின் மனைவி நீதிபதி பக்கம் திரும்பி, காதிலிருந்த செவிப்பொறியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அவரை இன்னொரு முறை என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நடுவில் இது வேண்டாம்.”