நாலாவது நாற்காலி

மஞ்சள் காய் முன்னே நகர்ந்திருந்தால் தேவானந்தம் பயந்திருக்க மாட்டார். எலி இடித்திருக்கும், மழைக்காற்று தள்ளியிருக்கும் என்று விட்டிருப்பார். அது பின்னால் போயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் சீனாய் மலையடியில் அவர் நிறுத்திவிட்டு எழுந்த காய், காலையில் பார்த்தால் எகிப்தில், பலகையின் முதல் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பகடை மூன்று காட்டிக் கிடந்தது. சீனாயிலிருந்து மூன்றாவது கட்டம் பொன் கன்றுக்குட்டி. அதில் விழுகிறவர் எகிப்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் எழுதிய விதி. யாரோ பகடை போட்டு, காயை நகர்த்தி, விதிக்குக் கீழ்ப்படிந்து திரும்பியும் போயிருக்கிறார்கள்.

"சௌந்தரி, மேஜைமேல கை வச்சியா?"

"நான் ஏங்க அங்க வரப்போறேன்? நீங்கதானே வரக்கூடாதுன்னுட்டீங்க." அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஞானசௌந்தரியின் குரல் வந்தது. கோபமில்லாத குரல்.

வீட்டில் அவர்கள் இருவர்தான். வாசற்கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் சித்தூரில் விடாமல் மழை பெய்த அக்டோபர் அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த தேவானந்தம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக 'கானான் பயணம்' என்று ஓர் ஆட்டம் செய்துகொண்டிருந்தார். எகிப்தில் தொடங்கி, செங்கடல் தாண்டி, வனாந்தரத்தில் அலைந்து, யோர்தானைக் கடந்தால் ஜெயம். முதலில் அது ஒரே அட்டைதான். சபைப் போதகரான ஐயர் பார்த்துவிட்டு, கானானோடு நிறுத்துவானேன், நியாயாதிபதிகளையும் சேருங்கள் என்றார். சேர்த்தார். ராஜாக்கள் வேண்டாமா என்றார்கள். வேண்டும்தான். தெலுங்கு சபைக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். யார் கேட்டாலும் தலையாட்டினார். அட்டைக்குமேல் அட்டை ஒட்டி ஆட்டம் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரவிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுந்தால் ஆட்டம், உட்கார்ந்தால் ஆட்டம். முடிகிற வழியைத்தான் காணோம்.

உடன் வேலை பார்த்த கிருபானந்தம் நன்றாகப் படம் வரைவார். பாதி தான் வரைந்து தருவதாகச் சொன்னார். தேவானந்தம் மறுத்துவிட்டார். வேலையில் பங்குக்கு வருகிறவன் பெயரிலும் பங்குக்கு வருவான். வாழ்நாளில் எங்கும் அச்சில் ஏறாத தன் பெயர் அந்தப் பெட்டிமேல் ஏறவேண்டும், அது தனியாக ஏறவேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். சௌந்தரிகூட ஒருநாள் எதிரே உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, "வனாந்தரம் ரொம்ப நீளமா இருக்குதுங்க. ஆடறவங்களுக்குச் சலிச்சுப் போவும்" என்றாள். உனக்கு என்ன தெரியும், எழுந்து போ என்றுவிட்டார். அவள் போய்விட்டாள்.

ஆனால் நான்கு பேர் ஆடும் ஆட்டத்தை ஒருவரே சோதிப்பது லேசான காரியமில்லை. நாற்காலி மாறி மாறி உட்கார்ந்து நான்கு காய்களையும் அவரே ஆடுவார். தன் தந்திரம் தனக்குத் தெரியாமல் போகுமா? ஆட்டத்தில் உயிரே இல்லை. அநேகக் கிறிஸ்தவ வீடுகளில் இருப்பதுபோல அந்த அறைச் சுவரிலும், ஆண்டவர் இந்த வீட்டின் காணாத விருந்தாளி என்று எழுதிக் கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு சாயங்காலம் அதைப் பார்த்தபடி முழங்காலில் நின்று வாய்விட்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, மனுஷர் யாரும் எனக்கு வேண்டாம். இந்த நாலாவது நாற்காலி உமக்கு. நீரே வந்து ஒத்தாசை பண்ணும்."

எழுந்து, அந்த நாற்காலியை ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மேஜையிலிருந்து இழுத்தும் வைத்தார். அன்றிலிருந்து அதில் அவர் உட்காரவில்லை. மஞ்சள் காய்க்கு மட்டும், விருந்தாளியின் பேரைச் சொல்லிப் பகடை போட்டுவந்தார்.

இப்போது விருந்தாளியே போட்டிருந்தார்.

முதலில் வந்த பயம் மெல்ல மெல்லப் பூரிப்பாக மாறியது. ஜெபம் கேட்கப்பட்டதென்றால் பயமெதற்கு? அன்று மாலை, ராஜாக்களின் அட்டையை வெறும் பென்சில் கோடுகளோடு நாற்காலிக்கு முன்னால் விட்டுவைத்தார். காலையில் கட்டங்களில் வர்ணம் ஏறியிருந்தது. தாவீதின் அங்கி மடிப்பு மடிப்பாக விழுந்தது. அவர் கைக்கு வராத மடிப்பு. தூரிகைகள் கழுவித் துடைத்துத் தம்ளரில் நின்றன. அவர் தூரிகை கழுவுகிற ஆளே இல்லை. அறையில் ஒரு வாடை இருந்தது. மழையில் நனைந்த அட்டையும் மைதாப் பசையும் புளித்துக் கலந்த வாடை. தன் வேலையின் வாடைதான் என்று நினைத்துக்கொண்டார். கண்ணீர் விட்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

பிறகு இன்னும் அதிகமாக விட்டுவைத்தார். விதிகளைத் தெலுங்கில் எழுதுவது, காய் செதுக்குவது, பெட்டிக்கு மூடி ஒட்டுவது. எல்லாம் நடந்தன. தேவானந்தம் பள்ளிக்கூடம் போனார், வந்தார், நிம்மதியாகத் தூங்கினார்.

சௌந்தரி மாறிக்கொண்டு வந்தாள். தலையில் பூ வைத்தாள். அடுக்களையில் பேசும் சத்தம் கேட்கும், இவர் காலடி கேட்டதும் நின்றுவிடும். ஒருநாள் சோறு போடும்போது அவள் விரல் நகத்தில் மஞ்சள் வர்ணம் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தார். குனிந்து சாப்பிட்டு எழுந்தார்.

காய்ச்சல் என்று மத்தியானமே வீடு திரும்பிய நாளில், சன்னமாகத் தூறல் விழுந்துகொண்டிருக்க, ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நடுவே பகடை உருளும் சத்தமும், கல்யாணமான புதிதில் கேட்டு அதன்பிறகு அவர் கேட்டேயிராத அவளுடைய சிரிப்பும் வாசலுக்கே வந்தன. அவள் ஏதோ சொன்னாள். இடைவெளி. பதில் வந்ததுபோல மறுபடி சிரித்தாள். பதில் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தம்ளர் காபி. இரண்டிலும் ஆவி பறந்தது.

"யாரு வந்தது?"

"யாரும் வரலியே."

"கிருபானந்தமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதில் பயமில்லை. இரக்கம்தான் இருந்தது. நாலாவது நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். பிரம்பு ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் காய்ச்சலில் நினைவில்லாமல் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தால் மேஜை வெறிச்சென்று கிடந்தது. அட்டைகள் இல்லை. காய்கள் இல்லை. சௌந்தரி கடைக்குப் போயிருந்தாள். பெட்டியை அச்சடிக்க அவர் முன்பே பேசி வைத்திருந்த திருப்பதி அச்சாபீசுக்கு யாரோ திருடிக் கொண்டுபோய்விட்டார்கள். கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு பாகாலா வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸைப் பிடித்தார்.

யாத்திரைக்காரர்களுக்குப் பரமபதப் படமும் சாமி படமும் அடித்து விற்கிற அச்சகம் அது. முதலாளி கோவர்த்தனன் நகரிப்பக்கத்துத் தமிழர்.

"ஏமண்டி சார், அதுக்குள்ள பல்வலி உட்டுப்போச்சா?" என்றார். "நேத்து அவ்ளோ மழையில நீங்களும் அம்மாவும் வந்துகினு இருக்கீங்க, எனக்கே பாவமா போச்சு."

"நானா?"

"மப்ளர வாய் மேல சுத்திக்கினு குந்திக்கினு இருந்தீங்களே சார். பல்வலி, பேச முடியாதுன்னு அம்மா சொன்னாங்க. நீங்க தலைய தலைய ஆட்டினீங்க. அம்மாதான் எல்லாம் பேசினாங்க. இன்னா தெளிவு!"

அச்சுக்குத் தயாரான அட்டையை எடுத்து விரித்தார். வனாந்தரம் பாதியாகக் குறைந்திருந்தது. பெட்டி மூடியின் மாதிரியைக் காட்டினார். ஆக்கம்: ஞானசௌந்தரி. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், தேவானந்தம்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. கட்டின மனைவி துரோகம் செய்துவிட்டாள். அது பாதித் துக்கம்தான். முழங்காலில் நின்று கூப்பிட்டேனே, ஆண்டவரே, உம்மைத்தானே கூப்பிட்டேன்? உமக்குப் போட்ட நாற்காலியில் வேறொன்று வந்து உட்கார விட்டீரே. பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். ஜெபம் பாதியில் நின்றது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

சித்தூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மின்சாரமில்லை. தெரு முழுக்கத் தவளைச் சத்தம். அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் அரிக்கேன் விளக்கின் வெளிச்சம். அந்தப் புளித்த பசை வாடை தெருவிலேயே அடித்தது.

கதவு தாழிட்டிருந்தது. ஜன்னலுக்குப் போனார்.

மேஜைமேல் புதுப் பலகை. சௌந்தரி இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலாவது நாற்காலியில் முதுகு காட்டி ஓர் ஆள். அவருடைய வெள்ளைச் சட்டை. அவருடைய சுழி விழுந்த பின்தலை. காய் நகர்த்தும் கை அவருடையது.

"சௌந்தரி." குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். "நான்தான், சௌந்தரி. கதவத் திற."

அவள் பார்த்தாள். அடையாளம் தெரியாத பார்வையில்லை. அவளுக்கு அவரை நன்றாகத் தெரிந்தது. எழுந்து ஜன்னலருகே வந்தாள்.

"இவரு எங்கிட்ட ஒவ்வொண்ணும் கேட்டுக்கினு செய்யறாருங்க" என்றாள் மெதுவாக. "நீங்க ஒருவாட்டி கேட்டீங்களா?"

ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கொக்கி போட்டாள்.

திரும்பிப் போய் அந்த ஆளின் அருகில் உட்கார்ந்தாள். அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

அவர் முகம். நெற்றி. கண். மூக்கு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் அட்டை நிறத்தில் தோல். அதன்மேல் லேசாக இரண்டு பென்சில் கோடு.

சௌந்தரி தூரிகையை வர்ணத்தில் தோய்த்தாள். அவன் மோவாயை இடக்கையால் ஏந்தினாள். மேலுதட்டைப் போட்டாள். நிதானமாக. கீழுதட்டைப் போட்டாள்.

வெளியே தேவானந்தம் அலறினார். சத்தம் வரவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோனார். மூக்குக்குக் கீழே விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. மோவாய்வரை. எங்கும் நிற்கவில்லை. வழவழவென்று ஒரே தோல்.

உள்ளே ஈரம் காயாத உதடுகள் பிரிந்தன. அவருடைய குரல்தான், இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறையும் சொல்லாததைச் சொன்னது.

"சௌந்தரி, இப்ப நீ ஆடும்மா."