மாவு ஜாடிக்குள் ஒரு கார் சாவி

ஞாயிற்றுக்கிழமை. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. செய்தித்தாள் போடுபவர் ஏரிச்சாலை வளைவில் வண்டியை நிறுத்தினார். பள்ளத்தில் ஒரு சைக்கிள் சக்கரம் தெரிந்தது. அதற்கு அப்பால், ஈரப் பாசியில் தலை சாய்த்து, பள்ளிக்கூடச் சமையல்காரர் ஒன்னி கிடந்தார். உயிர் இருந்தது. வலது கால் மட்டும், கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் சொன்னார்: "ராத்திரி பத்து மணி இருக்கும். பின்னாலேர்ந்து ஒரு கார் இடிச்சுது. நின்னுது. அப்புறம் போயிடுச்சு."

"நின்னுதா?" என்று கேட்டாள் ஹெல்வி குர்க்கி. அந்த வட்டாரத்தின் துப்பறியும் போலீஸ் அவள் ஒருத்திதான்.

"நின்னுது மேடம். அதான் மறக்க முடியல."

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கார் அகப்பட்டுவிட்டது. ஏரிச்சாலை முடியும் இடத்தில் ஒரு மரவீடு. சைமியும் அவள் தம்பி யல்மாரியும் வார இறுதிகளில் வந்து தங்கும் வீடு. பிர்ச் மரங்களுக்கு அடியில் அவர்களுடைய நீலக் கார் பூட்டியபடி நின்றது. முன்விளக்குகளில் ஒன்று உடைந்திருந்தது. அதன் இடுக்கில், ஒன்னியின் சைக்கிளிலிருந்து தெறித்த சிவப்புக் கண்ணாடிச் சில்லு ஒன்று.

அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவான கார் அது. இரண்டே சாவிகள்.

சமையலறையில் சைமி காபி ஊற்றினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஸ்டியரிங் பிடித்துத் தழும்பேறிய கைகள். யல்மாரி ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நேத்து ராத்திரி பத்து மணிக்கு எங்க இருந்தே, சைமி?"

"படுக்கையில. தலைவலி. தூக்க மாத்திரை போட்டு, கதவ உள்ள தாழ் போட்டுட்டுப் படுத்துட்டேன்; எதுவும் காதுல விழல. கடுகு சாஸ் தீந்துபோச்சுன்னு இவன் போட்ட கூச்சல்லயே தலைவலி வந்துடுச்சு."

"கடுகு இல்லாம சாசேஜ் தின்ன நான் என்ன நாயா?" என்றான் யல்மாரி.

ஹெல்வி பாலுக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தாள். கதவுத் தட்டில் பால், வெண்ணெய், மூக்கு முட்ட நிறைந்த ஒரு கடுகு டியூப், பாதி வெள்ளரிக்காய். பாலை எடுத்துக்கொண்டு மூடினாள்.

"உன் சாவி?"

சைமி படுக்கையறையிலிருந்து கைப்பையைக் கொண்டுவந்தாள். ஹெல்வி ஜன்னல் வழியே சாவியை நீட்டி அமுக்கினாள். வெளியே கார் கண் சிமிட்டிக் கதவுகளைத் திறந்தது. மறுபடி அமுக்கிப் பூட்டினாள்.

"உன்னோடது, யல்மாரி?"

"மாவுக்குள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"ரை மாவுல, இன்ஸ்பெக்டரம்மா. நேத்து சாயங்காலம் ஏரியில விழுந்துடுச்சு. அரிசியில போட்டு வச்சா ஈரத்த இழுத்துக்கும்பாங்க. இங்க அரிசிக்கு எங்க போறது? ரொட்டி மாவுதான் இருந்துச்சு."

"என்னைக் கேக்காம போட்டான்" என்றாள் சைமி. "இனி அதுல எவன் ரொட்டி சுடுவான்?"

"எப்படி விழுந்துச்சு?"

"சவுனா நீராவி அறையில வேர்த்துக் கொட்டுச்சு. நேரா ஏரிக்கு ஓடிக் குதிச்சேன்."

ஹெல்வியின் பேனா நின்றது. "சவுனாவுலேர்ந்து ஓடி வர்றவனுக்குப் பாக்கெட் ஏதுடா?"

சைமிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. யல்மாரி சிவந்துபோனான்.

"கால்சட்டை படித்துறைக் கம்பியில தொங்கிச்சு. துண்ட இழுத்தேன், அதுவும் சேந்து தண்ணிக்குள்ள போயிடுச்சு. வேணும்னா அக்காவக் கேளுங்க."

"நெசந்தான்" என்றாள் சைமி. "மீன் வலையப் போட்டு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அமுக்கி அமுக்கிப் பாத்தோம். செத்துக் கிடந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. காபிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

ஹெல்வி மாவு ஜாடிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். சாம்பல் நிற மாவு அப்பிக் கிடந்தது. ஜன்னலோரம் நின்று அமுக்கினாள். கார் அசையவில்லை. காரின் அருகிலேயே போய் நின்று அமுக்கினாள். ஒன்றும் இல்லை.

வேலை செய்யும் சாவி ஒன்றே ஒன்று. அது சைமியின் கைப்பையில், தாழ் போட்ட அறைக்குள் இருந்தது.

"லைசென்ஸக் குடு, சைமி" என்றாள் ஹெல்வி, திரும்பி வந்து.

"நான் எடுக்கல ஹெல்வி. சத்தியமா எடுக்கல."

"விசாரணை முடியிற வரைக்கும். எனக்கு வேற வழியில்ல."

சைமி எடுத்துக் கொடுத்தாள். "ஒன்னியோட பொண்ணு பில்வி என் பஸ்லதான் வர்றா. முதல் சீட்டு. தினம் என்கூட வாயாடிக்கிட்டே வருவா. நாளைக்கு என்ன நெனைப்பா?"

யல்மாரி ஏரியைப் பார்த்தபடி இருந்தான்.

ஹெல்வி வெளியே வந்தபோது கைப்பேசி ஒலித்தது. எதிர்க்கரையில் வசிக்கும் கெர்ட்டு. ஏரியின் ஓசைகளையெல்லாம் தன் சொத்தாக நினைப்பவள்.

"அங்க போலீஸ் வண்டி நிக்குதே, அந்த வீட்டுப் பய மேல ஹாரன் கேஸும் சேத்துப் போடு. நேத்து ராத்திரி பாம் பாம்னு காரை அலறவிட்டான். காட்டு வாத்தெல்லாம் எழுந்து பறந்துடுச்சு."

"ரொம்ப நேரமா?"

"இல்ல, கொஞ்ச நேரம். சட்டுனு வாய மூடிடுச்சு."

ஹெல்வி கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் காரைச் சுற்றி நடந்தாள். ஏரி அசையாமல் கிடந்தது; மேகங்கள் அதன் அடியில் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன. ஓட்டுநர் பக்கக் கதவருகே குனிந்தாள். கைப்பிடியின் ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். பலரும் அதைக் கழற்றியதே இல்லை. இந்தக் காரில் அது கோணலாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். அதன் அடியில் ஒரு சாவித் துவாரம். பையிலிருந்த பல் குத்தும் குச்சி ஒன்றைத் துவாரத்துக்குள் விட்டு எடுத்தாள். குச்சியின் நுனியைப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க."

வந்தார்கள்.

"யல்மாரி, செத்த சாவியால கார் ஓட்ட முடியாது, இல்லையா?"

"எப்படி முடியும்?"

ஹெல்வி மாவு படிந்த சாவியின் பின்புறத்தை அழுத்தி, உள்ளே ஒளிந்திருந்த மெல்லிய இரும்புச் சாவியை உருவினாள். அதை வைத்துக் கதவைத் திறந்தாள். கார் உடனே அலறத் தொடங்கியது. எதிர்க்கரை வாத்துகள் எழுந்தன. அவள் உள்ளே உட்கார்ந்து, செத்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினாள். அலறல் நின்றது. இஞ்சின் உறுமியது.

"சாவியில இருக்கிற பட்டனுக்குத்தான் பேட்டரி வேணும்" என்றாள். "சாவிக்குள்ள, கார ஸ்டார்ட் பண்ற சிப்புக்கு வேணாம். தண்ணி குடிச்சாலும் அது வேலை செய்யும். உனக்கு அது தெரியும்."

யல்மாரி படிக்கட்டுப் பக்கம் பின்வாங்கினான்.

"நல்ல சாவி வச்சிருக்கிறவ பட்டன அமுக்கிட்டு ஏறுவா. கார் கத்தாது. பூட்டுக்குள்ள எதையும் விடமாட்டா." குச்சியை நீட்டினாள். நுனியில் சாம்பல் நிறப் பிசின். "பூட்டுக்குள்ள இருந்துச்சு. ஈர மாவு. அரிசியில போட்டிருந்தா இவ்வளவு ஒட்டியிருக்காது."

"அக்காவும் அந்தச் சாவிய எடுத்திருக்கலாமே" என்றான் யல்மாரி. குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

சைமி அவனைப் பார்த்தாள்.

"கைப்பையில நல்ல சாவிய வச்சுக்கிட்டு, மாவுல கைய விடுவாளா?" என்றாள் ஹெல்வி. "அதவிடு. நேத்து தீந்துபோன கடுகு சாஸ், இன்னைக்குக் குளிர்பெட்டியில ததும்புது. தலைவலிக்காரி வாங்கிட்டு வந்தாளா? பெட்ரோல் பங்க் கடையில கேமரா இருக்கு. கேட்டுப் பாக்கவா?"

யல்மாரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"பீர் குடிச்சிருந்தேன். கடைக்குப் போய் திரும்பறப்பதான். மான்னு நெனைச்சேன். நிறுத்திப் பாத்தேன்... முனகல் கேட்டுச்சு."

"கேட்டுட்டுத்தான் போனியா?" என்றாள் சைமி.

"பயமா இருந்துச்சு அக்கா. யாரோ காரத் திருடி ஓட்டினதா நெனைச்சுப்பாங்கன்னு... உன் மேல வரும்னு நெனைக்கல."

"காலையிலேர்ந்து எதிர்லதானே உக்காந்திருந்தே? என் லைசென்ஸ வாங்கினப்ப ஏரியப் பாத்துக்கிட்டு இருந்தியே!"

ஹெல்வி அவனை வண்டியில் ஏற்றினாள். பிறகு திரும்பி வந்து லைசென்ஸை நீட்டினாள். சைமி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய், ஜாடியிலிருந்த மாவு முழுவதையும் குப்பையில் கொட்டினாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிப் பேருந்து ஒன்னியின் வீட்டு வாசலில் நின்றது. செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கதவு திறந்தது. பில்வி கீழேயே நின்றாள். சைமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

பில்வி ஏறினாள். முதல் இருக்கையைத் தாண்டி இரண்டடி போனவள், திரும்பி வந்து அதிலேயே உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்குக் கால்ல ஆணி வச்சிருக்காங்க, அத்தை" என்றாள். "நீங்க வந்து பாக்கணுமாம். சொல்லச் சொன்னாரு."

சைமி தலையசைத்தாள். கதவை மூடி வண்டியை நகர்த்தினாள். ஏரிச்சாலை வளைவு வந்ததும் மிக மெதுவாக ஓட்டினாள்.