மாமாவின் கறுப்புத் திரை

மாமாவின் கணினியைப் பார்த்தாலே சிட்டுக்குப் பாவமாக இருக்கும். படம் இல்லை, நிறம் இல்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும்.

மாமாவுக்குக் கண் தெரியாது. நாடகக் குழுக்களுக்கு மெட்டுப் போடுவது அவர் தொழில். விசையைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் கணினி வாய்விட்டுப் படிக்கும்.

“இதை வச்சுக்கிட்டு எப்படி மாமா வேலை செய்றீங்க?”

“இதுக்கு என்ன குறைச்சல்? ஒரு தட்டு, ஒரு பேரு. உன்னை மாதிரி வளவளன்னு பேசாது.”

கோப்புகளைக் கையாள, எழுத்திலேயே இயங்கும் வேறொரு செயலியைச் சிட்டு பள்ளியில் பார்த்திருந்தாள். அது திரையை இரண்டாகப் பிரித்து, அழகாகக் கட்டம் கட்டிக் காட்டும். இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குக் கோப்பை நொடியில் மாற்றலாம்.

விடுமுறை நாளன்று மாமா குளிக்கப் போனார். சிட்டு அவருடைய பழைய செயலியை எடுத்துவிட்டு, புதியதை வைத்தாள். மாமா அசந்துபோவார் என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மதியத்துக்குள் ஒரு குழுவுக்கு மெட்டு அனுப்ப வேண்டும்.

“கோடு, கோடு, கோடு, கோடு” என்றது கணினி.

“என்ன ஆச்சு இதுக்கு? ஜுரமா?”

கீழே நகர்வதற்கு வழக்கமாக அழுத்தும் எழுத்தை அழுத்தினார். மறுபடியும் கோடு, கோடு. எரிச்சலோடு எண்டரைத் தட்டினார்.

வாசலில் நின்ற சிட்டுவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. பழைய செயலியில் அந்த எழுத்து கீழே போக. புதியதில் அது அழிக்க. ‘அழிக்கட்டுமா?’ என்று திரை கேட்டிருந்தது. கட்டத்தின் கோடுகளைப் படிப்பதில் மும்முரமாக இருந்த குரல் அதைச் சொல்லவே இல்லை. மாமா தட்டிய எண்டர் அதற்கு ‘ஆமாம்’ ஆகிவிட்டது.

“மாமா, நான்தான் மாத்தினேன். மெட்டு அழிஞ்சு போச்சு.”

மாமா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

“வேற எங்கயாவது இருக்கா மாமா?”

“இல்லம்மா. நேத்துதான் முடிச்சேன். இன்னொரு நகல் எடுத்து வைக்கலாம்னு இருந்தேன்.”

அந்த மெட்டை ஆர்மோனியத்தில் மறுபடியும் வாசித்துப் பார்த்தார். தொடக்கம் வந்தது. நடுவில் வரும் அந்த வளைவு மட்டும் பிடிபடவே இல்லை. குழுவினர் வேறொருவரின் மெட்டை எடுத்துக்கொண்டார்கள்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சிட்டுக்கு.

மாலையில் அவள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். புதிய செயலியில் ஒரு பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் தலை கிறுகிறுத்தது. அப்புறம் பழையதைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு பேரு.

“கண்ணால பாக்குறவங்களுக்குத்தான் மாமா அந்தக் கட்டம் வசதி. காதால கேக்குறதுக்கு உங்களோடதுதான் சரி.”

“அதைத்தான நான் சொன்னேன்.”

“சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கலை.”

மாமா லேசாகச் சிரித்தார். ஆனால் அவர் விரல்கள் இன்னமும் மேசையில் அந்த வளைவைத் தேடிக்கொண்டிருந்தன.

சில நாட்களில் அவர் புதிதாக ஒரு மெட்டுப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. பழையது அல்ல.

“மாமா, இதை இன்னொரு இடத்துலயும் எடுத்து வைக்கட்டுமா?” என்று கேட்டாள் சிட்டு.

அவர் “சரி” என்று சொல்லும்வரை அவள் விசைப்பலகையைத் தொடவில்லை.