இடது பாதம்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய வெள்ளிக் காணிக்கைகள் எல்லாம் கறுத்துப்போயிருந்தன. கண், காது, கை, இதயம் என்று யார் யாரோ நோய் தீர வேண்டித் தேவாலயத்தில் கட்டிய தகடுகள். கீழ் வரிசையின் ஓரத்தில் ஒரு கால் மட்டும் கறுக்கவில்லை. இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, பயம் வரவில்லை. போன வருடம் மகள் மருத்துவமனையில் கிடந்த நாற்பது நாட்களில் அவளிடம் இருந்த பயமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு எது நடந்தாலும் பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரிதான் இருக்கிறது.

"அம்மா, நான் இங்கேயே உக்காந்துக்கறேன்." அறை நடுவில் இருந்த பெஞ்சில் எட்டு வயது மகள் சாய்ந்துகொண்டாள். "கால் மறுபடியும் மரத்துப்போச்சு."

"எதுவரைக்கும்டி?"

"முட்டிக்கு மேல."

காலையில் பேருந்து ஏறும்போது முட்டிக்குக் கீழே என்று சொல்லியிருந்தாள்.

எல்லாம் ஒரு துருப்பிடித்த ஆணியில் தொடங்கியது. அது மகளின் வலது பாதத்தில் ஏறி, புண் சீழ் பிடித்து, கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, அவள் வெள்ளியில் ஒரு பாதம் செய்து கட்டுவதாக நேர்ந்துகொண்டு நகைக்கடைக்கு ஓடினாள். கடைக்காரர் டப்பாவைத் துழாவிவிட்டு, "வலது தீந்துபோச்சும்மா, இடதுதான் இருக்கு. சாமி என்ன, செருப்பு வாங்கப்போகுதா, அளவு பாத்து எடுக்க?" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிய இருந்ததால் பேரம்கூடப் பேசாமல் இடதை வாங்கிக்கொண்டு போய்த் தேவாலயத்தில் கட்டிவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

வலது பாதம் ஒரே வாரத்தில் ஆறியது. போன மாதம் தேவாலயத்தின் கூரையைப் பிரித்து வேலை தொடங்கியபோது அங்கிருந்த பழைய சாமான்களையெல்லாம் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வாரம் மகளின் இடது கால் விரல்கள் மரத்தன. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். இங்கே படாத காலில் பட்டது. தான் எதைக் கட்டினோம் என்பது அவளுக்கு நேற்று, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இப்போது அவள் கைப்பையில் புதிய வலது பாதம் ஒன்று இருந்தது. இதை வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மகளின் காலை மீட்க அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

வெளியே நல்ல வெயில். உள்ளே, பழைய துணிகள் வெளுத்துவிடக் கூடாதென்று கனத்த திரைகளை இழுத்து விட்டிருந்ததால், தலையில்லாத மரத் தாங்கிகளில் மாட்டியிருந்த பூசை அங்கிகளின் சரிகை மட்டும் அங்கங்கே மின்ன, மெழுகும் பாச்சை உருண்டையும் பழைய மரமும் கலந்த வாசனை தொண்டைவரை இறங்க, சுவரோரமாக நின்ற புனிதர்களின் கண்ணாடிக் கண்கள் அவள் நகரும் பக்கமெல்லாம் நகர்வதுபோல் தோன்றியது. எங்கோ ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

இடுப்பில் சாவிக்கொத்துடன் காவலுக்கு இருந்த பெண் அருகில் வந்தாள்.

"அக்கா, அந்தக் கால் நான் கட்டினது," என்றாள் இவள். "தப்பா கட்டிட்டேன். இத வெச்சிக்கிட்டு அதக் குடுத்துடுங்க."

"நல்லா இருக்கே! சாமிக்குக் கட்டினத யாராவது திருப்பிக் கேப்பாங்களா?" என்றவள் பெஞ்சில் இருந்த சிறுமியைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "நீங்க கட்டினது வெறும் பாதம்தானே?"

"ஆமா."

காவல்காரி பெட்டிக்குள் இருந்த அட்டையைக் காட்டினாள். 'பாதம், இடது. கணுக்கால் வரை.'

"ஆபீஸ்ல சொன்னேன். அட்டை மாறியிருக்கும்னு சிரிச்சாங்க. போன மாசம் கணுக்கால்தான் இருந்துச்சு. திங்கக்கெழம பெருக்க வந்தப்ப கெண்டைக்கால் வரைக்கும் வந்திருந்தது."

இப்போது பாதித் தொடை வந்திருந்தது. தகடுபோலத் தட்டையாகவும் இல்லை.

காவல்காரி பூட்டைத் திறந்தாள். "சீக்கிரம் எடுத்துக்கங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

அவள் கையை உள்ளே விட்டாள். வெள்ளி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்காலில் விரல் பட்டது.

பின்னால் மகள் களுக்கென்று சிரித்தாள். "கூசுதும்மா!"

வெள்ளி விரல்கள் சுருங்கின.

அப்போதுதான் பயம் வந்தது. ஒரு வருடமாக வராத பயம் மொத்தமாக வந்தது. அவள் யோசிக்கவில்லை. இரண்டு கைகளாலும் காலைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை.

"மெதுவா! ஆணி அடிச்சிருக்கு!"

பெட்டியின் அடிப்பலகையில் தன் காலை உதைத்து ஊன்றினாள். இழுத்தாள். ஏதோ நரநரவென்று பிரிந்தது. கையோடு வந்துவிட்டது.

கனமாக இருந்தது. வெள்ளியின் கனம் இல்லை. தூங்கும் குழந்தையைத் தூக்கித் தூக்கி அவளுக்குப் பழகிய கனம்.

காவல்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். வாயைப் பொத்தியிருந்தாள். பார்வை பெட்டியின் மேல் இல்லை. பெஞ்சின் மேல் இருந்தது.

அவள் திரும்பினாள்.

மகள் அழவில்லை. குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடையின் இடது பாதி பெஞ்சில் தட்டையாகப் படிந்திருந்தது. தரையில் ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"வலிக்கவே இல்லம்மா," என்றாள் மகள்.

அம்மாவின் கைகளுக்குள் அந்த முட்டி மெல்ல மடங்கியது. நிமிர்ந்தது. பிறகு பாதம் கீழே நீண்டு, விரல்களை விரித்து, தரையைத் தேடத் தொடங்கியது.