ஆளுக்கு இரண்டு ஆம்பியர்

சோற்று டப்பாவைத் திறக்கும்போது நடுவில் நின்ற முள், சாப்பிட்டு முடிக்கையில் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். ஒரு நெல்லின் அகலம்.

பழைய லாரி ஒன்றின் முகப்பிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஆம்பியர் மீட்டர் அது. நடுவில் பூஜ்யம். முள் இடப்பக்கம் போனால் பேட்டரி இறங்குகிறது, வலப்பக்கம் போனால் ஏறுகிறது என்று அர்த்தம். இப்போது பாய்மரத்துப் பாயைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. மோட்டாரை நிறுத்தியாகிவிட்டது. படகு மேட்டூர் அணைத் தண்ணீரில், கரைக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு, கட்டிப்போட்ட மாடு போல நிற்கிறது. ஆனால் பேட்டரி ஏறுகிறது.

செல்லமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"மயிலு, இங்க பாரு. சும்மா நிக்கறோம், கரண்டு ஏறுது. வெவசாயத்துக்குத்தான் இலவசம்னு நெனச்சேன், கப்பலுக்கும் உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

மயிலம்மாள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "ஏறுனா ஏறட்டுமுங்க. எறங்குனாத்தான் கவல. வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊட்டுக்குப் போயரோணும், ஆடி வெள்ளி."

"போயரலாம். நானாச்சு."

திருச்செங்கோட்டில் 'நானாச்சு' என்றால் அது செல்லமுத்துதான். நாற்பத்தொரு வருடம் போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டியவர். ராஜஸ்தான் தொடங்கி ஒடிசா வரைக்கும் அவர் போட்ட துளைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், பூமியின் மறுபக்கத்தில் குடியிருப்பவன் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தொழிலை விட்டதும் மற்றவர்கள் கல்யாண மண்டபம் கட்டினார்கள். இவர் புதுச்சேரிக்குப் போய்ப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ரிக் ஏற்றுகிற டிரெய்லரில் வைத்து ஓட்டி வந்தார். வாழப்பாடிப் பக்கத்துச் சுங்கச்சாவடியில் இது எந்த வகை வண்டி என்று முடிவு கட்ட அரை மணி நேரம் ஆனது. பின்னால் நின்ற லாரிகளின் வரிசை ஆத்தூரைத் தொட்டதாக அவரே சொல்லிக்கொள்வார்.

படகின் வயிற்றில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. அதைக் கிளப்பினால் கரையில் மேய்கிற எருமைகள் ஒரு வாரத்துக்குப் பால் சுரக்காது. புகை பட்டு வெள்ளைக் கொக்குகள் காக்கைகளாகிப் பறந்தன. எட்டு மாதம் அவருக்கு அது இனித்தது. மயிலம்மாள் ஒரே ஒருநாள் ஏறினாள். குடல் வெளியே வருகிறவரைக்கும் வாந்தி எடுத்தாள். "டீசல் நாத்தத்துல நாப்பது வருசம் உங்கள நான் தொட்டதே பெருசு. இதுலயும் ஏறோணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனவள், பிறகு இன்றுதான் ஏறியிருக்கிறாள்.

அவளுக்காகத்தான் எஞ்சினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மின்மோட்டார் வைத்தார். படகுக்கென்றே செய்த மோட்டார்கள் விற்கின்றன. ஆனால் தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டாரை ஒரு போர்வெல்காரனுக்கு இன்னொருவன் விற்பதா? கெங்கவல்லிப் பக்கம் தொள்ளாயிரம் அடிக் குழியில் பதினோரு வருடம் சிக்கிக் கிடந்து, போன மாசியில் ஒருநாள் இழுத்ததும் தானாக வெளியே வந்த மோட்டார் ஒன்று அவர் கொட்டகையில் கிடந்தது. மெக்கானிக் சென்றாயன் அதைத் திறந்தபோது உள்ளே செம்புக் கம்பி புதுப் பொண்ணு மாதிரி மின்னியது. இந்த வகை மோட்டாரின் உள்ளே எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கும். திறந்தால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம். ஆனால் ரிக்காரர்களுக்கு வேறொரு வழக்கமும் உண்டு: பூமியிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தாலும் முதல் வாய் முதலாளி குடித்துப் பார்ப்பது. செல்லமுத்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "எளநியாட்ட இருக்குது. இதயெதுக்குக் கொட்டற?" என்று, அதையே திரும்ப ஊற்றி மூடச் சொல்லிவிட்டார்.

இன்று பகலெல்லாம் ஆடிக்காற்று பாயைப் பிய்த்தது. பாய் இழுத்துப் படகு ஓடும்போது அடியிலிருக்கும் விசிறி தண்ணீரில் தானே சுற்றும், மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரி ஏறும். சென்றாயன் அப்படிப் பொருத்தியிருந்தான். ஐந்தரை மணிக்குக் காற்று நின்றது. ஆடிக்காற்று அப்படிச் சட்டென்று நிற்பது, பேசிக்கொண்டிருந்த சம்பந்தி பாதியில் வாயை மூடுவது போல. எதையோ பார்த்துவிட்டால்தான் உண்டு.

செல்லமுத்து மறுபடியும் முள்ளைப் பார்த்தார். நான்கு.

படகு ஓடவில்லை, பிறகு விசிறி எப்படிச் சுற்றும்? தண்ணீர் ஓடுகிறதோ? அணைக்குள் அடியோட்டம் இருக்கலாம். மயிலம்மாள் சாப்பிட்டு எறிந்த வாழையிலையைத் தேடினார். படகுக்கு ஒரு முழம் தள்ளி, எறிந்த இடத்திலேயே, ஒட்டியிருந்த தயிர்ப் பருக்கைகூடக் கலையாமல் கிடந்தது. தண்ணீர் ஓடவில்லை.

குனிந்து பலகையில் காதை வைத்தார். நாற்பத்தொரு வருடம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற காது; அமைதி என்ற ஒன்றை அது சந்தித்ததே இல்லை. முதலில் தன் ரத்தத்தின் இரைச்சல்தான் கேட்டது. அதற்கும் கீழே, ஈரமாக, மெதுவாக, கனமாக, ஆட்டுக்கல்லில் யாரோ மாவாட்டுவது போன்ற சத்தம். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, ஆட்டுகிறவள் கை மாற்றிக்கொள்வது போல. பிறகு மறுபடியும் சுற்று.

டீசல் சத்தத்தில் இது கேட்டிருக்காது. எட்டு மாதமும் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

சென்றாயனுக்குப் போன் போட்டார். சிக்னல் ஒற்றைக் கோடு.

"தம்பி, பாய் எறக்கியிருக்குது, படகு நிக்குது, மீட்டர் சார்ஜு காட்டுதப்பா."

"தண்ணி ஓடுதோ என்னமோண்ணா."

"ஓடல. எல அப்படியே கெடக்குது."

"அப்ப யாராவது கையில சுத்தறாங்களாட்ட இருக்குது," என்று சென்றாயன் சிரித்தான். "கொட்டாயில நம்ம பசங்கள உட்டுச் சுத்திப் பாத்தமே, நாவகம் இருக்குதுங்களா? ஆளுக்கு ரெண்டு ஆம்பியர். மனுசன் பலம் அவ்வளவுதான். இப்ப எத்தன காட்டுது?"

செல்லமுத்து பார்த்தார். "எட்டு."

"நாலு பேருங்கண்ணா," என்று சென்றாயன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"பன்னெண்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அண்ணா, அக்கா கூட இருக்குதுங்களா?"

"இருக்குது."

"கெளம்பி வந்துருங்கண்ணா. மீட்டர் கெட்டிருக்கும், கரையில வெச்சுப் பாத்துக்கலாம். கெளம்பீருங்க." அத்தோடு கோடு போனது. போனில் நேரம் மட்டும் மிஞ்சியது: ஆறு பத்து.

மீட்டர் கெட்டிருக்கும். அதேதான். செல்லமுத்து எழுந்து முன்பக்கம் போனார். நங்கூரத்துக்கு, துளை போட்டுத் தேய்ந்த ரிக் பிட் ஒன்றைக் கயிற்றில் கட்டியிருந்தார். நாற்பது கிலோ இரும்பு, காற்று நின்றதும் இறக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்கிக் கயிற்றை இழுத்தார். கயிறு நூல் மாதிரி வந்தது. கனமே இல்லை. அறுந்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் பிட் மேலே வந்து, அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், தண்ணீரின் மேல் மட்டத்தில் நின்றது. கீழிருந்து யாரோ தூக்கிக் கொடுப்பது போல.

அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்ய? வாங்கிய மறுகணம் நாற்பது கிலோவும் கைக்கு வந்து, தடுமாறி, படகுக்குள் போட்டார்.

"மெதுவாங்க," என்றாள் மயிலம்மாள். "போன்ல யாருங்க?"

"சென்றாயன். நீ நடுவால உக்காரு. ஓரத்துக்குப் போகாத."

"எதுக்குங்க?"

"சொன்னா கேளு, சாமி."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை நகர வைத்தது. நாற்பது வருடத்தில் அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. இவளைக் கொண்டுபோய்க் கரையில் இறக்கிவிட்டால் போதும். படகை உடைத்து விறகாக்கிவிடலாம். இவள் கால் மண்ணில் பட்டால் போதும்.

மோட்டாரின் லீவரைத் தள்ளினார். படகு ஒருமுறை உதறியது. அடியில் ஒரு முனகல். அந்த முனகலை அவருக்குத் தெரியும். சேற்றில் இறுகிய மோட்டார் எழுப்புகிற சத்தம், விசிறியை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிற சத்தம். முள் இடப்பக்கக் கோடிக்குப் போய் நடுங்கியது. 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை சுவிட்சே சூடாகிக் கையைச் சுட்டது.

பிறகு, அவர் எதையும் தொடாமலே, முள் நிதானமாக வலப்பக்கம் திரும்பியது. இருபது. பத்துப் பேர். இருபத்தாறு. பதின்மூன்று பேர்.

கணக்குப் போடாதே என்று மனதிடம் சொன்னார். மனது போட்டது.

கரை தெரிந்தது. ஆடி வெள்ளிக்கு வந்த கூட்டம், பொரி வண்டி, முதல் விளக்குகள். மீன் பொரிகிற மணம்கூட வந்தது, அவ்வளவு பக்கம். செல்லமுத்து துண்டை அவிழ்த்து இரண்டு கைகளாலும் வீசினார். "ஏய், படகு எடுத்துட்டு வாங்க, படகு" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். கரையில் சிலர் திரும்பினார்கள். கை தூக்கினார்கள். ஒருவன் விசில் அடித்தான். டீசல் ஓடிய எட்டு மாதமும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இதே இடத்தில் இதே துண்டை வீசித்தான் அவர் தன் கப்பலைக் காட்டிக்கொள்வார். ஒரு பெண் இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து அவருக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

துடுப்பு ஒன்று இருந்தது. எடுத்தார். வலித்தார். பத்து முறை. இருபது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இலையைப் பார்த்தார். அதே ஒரு முழம்.

இன்னும் ஆழமாகத் துடுப்பை இறக்கினார். அது எதிலோ பட்டது. கல் இல்லை. மரம் இல்லை. பட்டதும், வழிவிட்டு நகர்ந்தது.

துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முள் ஐம்பது. இருபத்தைந்து பேர். மாவாட்டுகிற சத்தம் இப்போது பலகையில் காதை வைக்காமலே கேட்டது. பாதங்களில் ஏறியது. பல்லில் ஏறியது.

"ஏனுங்க."

மயிலம்மாள் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். எப்போது நகர்ந்தாள் என்று தெரியவில்லை. தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டில்காரரைப் பார்க்கிற முகம்.

"மயிலு, இக்கட்டால வா, நடுவுக்கு."

"பாத்தாப் பாவமா இருக்குதுங்க."

"எதப் பாத்தா?"

"எத்தன நேரமாச் சுத்தறாங்களோ. கையெல்லாம் தேஞ்சு போயிருக்குது." அவள் குரல் தாழ்ந்தது. "சின்னதுக கூட இருக்குதுங்க."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான குழிகளை எட்டிப் பார்த்தவர். இதைப் பார்க்கவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்தார். தோள் குளிர்ந்திருந்தது. அவள் வரவில்லை. முரண்டும் பிடிக்கவில்லை. அவ்வளவு கனமாக இருந்தாள்.

"மயிலு. கண்ண மூடிக்க. என்னயப் பாரு. ஊட்டுக்குப் போலாம்."

"போலாமுங்க. அவங்களுந்தான் அதயே சொல்றாங்க."

முள் அறுபதில் முட்டியது. அதற்கு மேல் மீட்டரில் எண் இல்லை. முள் முட்டிக்கொண்டு நின்று துடித்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. தண்ணீர் ஈயமானது.

பிறகு முள் விழுந்தது.

நேராகப் பூஜ்யத்துக்கு. சத்தம் நின்றது. பாதத்தில் அதிர்வு இல்லை. பல்லில் இல்லை. செல்லமுத்துவின் நெஞ்சு ஒரு மூச்சு நேரம் லேசானது. விட்டுவிட்டார்கள். அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள். மோட்டாரைப் போடலாம். ஐந்து நிமிடம். கரை.

கை லீவருக்குப் போனது. பாதியில் நின்றது.

எடுத்த கைகள் எங்கே?

படகு இறங்கியது. ஒரு பக்கமாக இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. ஒரு விரற்கடை. மறுபடி ஒரு விரற்கடை. பஸ்ஸில் கூட்டம் ஏறும்போது இறங்குமே, அப்படி, பொறுமையாக.

அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரங்களைப் பார்க்கவில்லை. ஆனாலும் கண்ணின் இரண்டு கோடியிலும் தெரிந்தது. படகின் விளிம்பு முழுக்க, முன்னிருந்து பின்வரை, இடைவெளி இல்லாமல், வெளுத்து ஊறிய விரல்கள் வரிசையாகப் பற்றியிருந்தன. பெரியவை. வளையல் போட்டவை. மிகச் சின்னவை.

மயிலம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். விருந்து வந்தால் செருகுவாளே, அப்படி. சோற்று டப்பாவை எடுத்து மடியில் வைத்து, பலகையில் பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தாள்.

"வாங்க சாமி, வாங்க," என்றாள் தண்ணீரைப் பார்த்து. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நவுந்து உக்காருங்க. எல்லாத்துக்கும் எடம் வேணுமில்ல."