விளக்கு வைக்கும் நேரத்தில் அம்சவள்ளி

மழைக்கு ஒதுங்கியவள் என்று நினைத்துத்தான் தென்னரசு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவளோ துப்பட்டாவைப் பிழிந்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைக் காட்டினாள்.

"அந்த குண்டு லேப்டாப் வேலை செய்யுமா... இல்ல, சும்மா அழகுக்கு வச்சிருக்கீங்களா?"

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கும் கடை அது. அவன் நிமிர்ந்தான். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... சொல்ல வந்தது மறந்துபோனது.

"வொர்க்ஸ்டேஷன்ங்க அது. பழசுதான். ஆனா பேய் மாதிரி உழைக்கும்."

"விலை ஜாஸ்தின்னா நான் பஸ்ஸ புடிச்சிடுவேன்."

"குண்டுன்னு சொல்லிக்கினே அதையேதான பார்க்கறீங்க... வண்டி போனா போவட்டும்."

இசைவாணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கோலியனூர்ப் பெண், வீட்டிலிருந்தபடியே கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போடுகிறவள். ஒரு கல்யாண மண்டபத்தின் படத்தை முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை என்று விழுப்புரத்து இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவளுடைய பழைய லேப்டாப்போ, நாலு சுவர் எழுப்பினாலே உறைந்து நின்றது. புதுசு வாங்க வழியில்லை. குண்டனையே வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அம்மா அஞ்சம்மாள் சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். பேட்டரி நிற்காததால் லேப்டாப் மேஜைமேல் சார்ஜரில் கிடந்தது. இசைவாணிதான் அதை அணைத்துவைத்திருந்தாள். ஆனாலும்... உள்ளே விசிறி மூச்சுவிட்டது. எங்கிருந்தோ ஓடிவந்து நின்ற பெண்ணின் மூச்சைப் போல. கறுத்த திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் எழுந்தது.

அம்சவள்ளி.

ஒரே கணம்தான். பிறகு வழக்கமான திரை.

மறுநாளும் அதே வேளையில் வந்தது. அதற்கடுத்த நாள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். யாரும் தொடவில்லை. காலையில் அவளாக முடுக்கும்போது வராத பெயர், விளக்கு வைக்கும் நேரத்தில் தானாக வந்தது.

"யாருடி அவ? ஜல்தி கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் திண்டிவனத்துக் கடையில் குண்டனைத் தொப்பென்று வைத்தாள். "பேய் மாதிரி உழைக்கும்னீங்களே... பேயோடவே குடுத்திருக்கீங்க. ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"உங்களப் பார்த்தா அதுக்கே பயம் வந்துடும்ங்க" என்று அவன் சிரித்தான். "பேய்க்குப் பேரு ஏதாவது உண்டா?"

"அம்சவள்ளி."

கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

குண்டனைச் சார்ஜரில் சொருகிவிட்டுப் பேசினான். "என் அக்காங்க. விழுப்புரத்துல வேலை. அவ லேப்டாப் எழுந்திரிக்க நேரமாகும்... அதனால, வீட்டுக்கு வர்ற நேரத்துக்குத் தானா ஆன் ஆவுற மாதிரி வச்சிருந்தா. போன ஐப்பசியில... பைபாஸ்ல பஸ் கவுந்துடுச்சி."

வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. மேஜைமேல் விசிறி மூச்சுவிட்டது. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவன் கண்கள் நிறைந்தன. இவ்வளவு அழகான கண்களை ஏமாற்றுக்காரன் கண்கள் என்றோமே என்று இசைவாணி குறுகிப்போனாள்.

"ரெண்டு செத்த மிஷின சேர்த்து ஒண்ணாக்கறதுதான் எங்க வேலை. பார்க்க முடியாம அப்பா அவ மிஷின கழிவு மூட்டையில போட்டிருக்காரு... தெரியாம நான் அதோட மதர்போர்ட எடுத்து உங்களுதுல மாட்டியிருக்கேன். ஆன் ஆவுற நேரம் போர்டுல தங்கும். பேரெல்லாம் இருக்கற டிஸ்க்குதான் வேற ஆச்சே... பேரு எப்படித் தங்கிச்சின்னு தெரியலீங்க."

"அணைச்சிடலாமா?" என்று அவனே கேட்டான்.

விசைப்பலகைவரை போன அவன் விரல் நின்றுவிட்டது. அவள்தான் சொன்னாள். "வேணாம்... எரியட்டும். மண்டபம் முடியறவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். நீங்க சாயங்காலம் வந்து பார்த்துட்டுப் போங்க."

வந்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோலியனூரில் அவன் பைக் சத்தம் கேட்கும். இருவரும் வாய் திறக்காமல் அந்தப் பெயருக்குக் காத்திருப்பார்கள். பெயர் மறைந்ததும் பேச்சு தொடங்கும், கிண்டல் தொடங்கும்... காபி ஆறிப்போகும்.

தெரு சும்மா இருக்குமா? ஒருநாள் அஞ்சம்மாள் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "செத்தவள பார்க்க வர்றியா தம்பி, எம் பொண்ண பார்க்க வர்றியா? ஒரே பேஜாரா கீது. மொதல்ல அத அணை."

அவன் முகம் சிவந்தது. இசைவாணியைப் பார்க்காமலே அந்த நேரக் கட்டளையை அழித்தான். "இனிமே வர மாட்டேங்க."

மண்டபம் முடிந்தது. வேலையும் கிடைத்தது. ஆனால் சாயங்காலம் வந்தால் இருட்டுத் திரை அவளைக் கொன்றது. செத்துப்போனவளுக்காக ஏங்குகிறோமா, உயிரோடு இருக்கிறவனுக்காகவா? பதில் அவளுக்குத் தெரியும்... அவனைக் கூப்பிடத்தான் கர்வம் விடவில்லை.

அன்றும் மழை. கரண்ட் போயிருந்தது. வாசலில் சொட்டச் சொட்ட அவன் நின்றான், கையில் ஒரு பாலித்தீன் பையோடு.

"பேட்டரி நிக்கலன்னீங்களே... புதுசு போட்டுட்டுப் போறேன்."

"அதுக்கா இவ்வளவு தூரம் நனைஞ்சிக்கினு வந்தீங்க?"

"வேற எதுக்குங்க..." முகத்தைப் பார்க்காமல் பழைய பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். புதியது இன்னும் பைக்குள்தான் இருந்தது.

விசிறி மூச்சுவிட்டது.

இருவரும் அசையவில்லை. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை... திரையில் மெல்ல வெளிச்சம் ஊறியது.

அம்சவள்ளி.

இந்த முறை அது மறையவில்லை. விளக்கோடு வந்த அஞ்சம்மாள் கதவருகே நின்றுவிட்டாள்.

தென்னரசு திரையைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா எதிர்ல எனக்குப் பொய் வராதுங்க. பேட்டரிக்கு வரல. மொத நாளு உங்க இமையில ஒரு துளி நின்னுதே... அதுலயிருந்தே உங்களுக்காகத்தான் வர்றேன்."

அஞ்சம்மாள் மேஜையருகே வந்தாள். விளக்கைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க தம்பி சொன்னத கேட்டுக்கினீங்களா... அண்ணி?"

பெயர் மெல்ல அணைந்தது.